ஜன்னலுக்குக் கீழே கழற்சி

நான்காவது ஆணி வர மறுத்தது. பஹார் மண்டியிட்டு உட்கார்ந்து, சுத்தியலின் பிளவை ஆணித்தலைக்கு அடியில் கொடுத்து நெம்பினான். துரு பொடிந்து கொட்டியதே தவிர ஆணி அசையவில்லை.

"கட்டிலுக்கு யாராவது தரையோட சேத்து ஆணி அடிப்பாங்களாக்கா?" என்றான், தலைநிமிராமல்.

"நீதானே இந்த வீட்டிலே இருந்தே. அவர்கிட்டயே கேட்டிருக்கலாமே," என்றாள் தென்ரி.

"கேட்டேனே. கடல் காத்துல வீடு ஆடுது, கட்டில் நகந்துடும்னாரு. வீடே ஆடும்போது கட்டிலுக்கு மட்டும் என்னவாம்?"

தென்ரிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அடங்கியது. பதில் சொல்ல வேண்டியவர் கூடத்தில் பாயில், முகத்தில் வெள்ளைத் துணியோடு கிடந்தார். விடியற்காலைத் தொழுகைக்கு எழுப்பப் போன பஹாரின் மனைவி ரோஸ்னா, மாமனாரின் கை சில்லிட்டிருப்பதைப் பார்த்துவிட்டுக் கணவனை எழுப்பினாள். படுத்த வாக்கில், ஒருக்களித்து, ஜன்னல் பக்கம் பார்த்தபடி போயிருந்தார் லத்தாங். நோய் என்று சொல்ல ஒன்றுமில்லை. நேற்றுக்கூடக் கடற்பாசிக் கயிறுகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர். நகரத்தில் தையல்கடை வைத்திருக்கும் மகள் தென்ரி, வெட்டிய துணியை மேசையிலேயே போட்டுவிட்டு, கிடைத்த வண்டியில் ஏறி வந்து சேர்ந்திருந்தாள்.

நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் எடுப்பதாக ஏற்பாடு. கூடம் ஆண்களுக்கு. பெண்கள் உட்கார்ந்து ஓத உள்ளறை வேண்டும். உள்ளறையில் பாதியை இந்தக் கட்டில் அடைத்துக்கொண்டிருந்தது.

கடைசி ஆணி கீச்சென்று ஓலமிட்டு வந்தது. பஹாரும் பக்கத்து வீட்டு ஆண்கள் இருவரும் கட்டிலைத் தூக்கி, நிலைவாசலில் சாய்த்து, திருப்பி, ஒருவரையொருவர் மெதுவாகத் திட்டிக்கொண்டே வெளியே கொண்டுபோனார்கள். தென்ரி துடைப்பத்தை எடுத்தாள். பல வருஷத் தூசி பஞ்சுப்பொதியாகத் திரண்டு வந்தது. அது விலகியதும் துடைப்பம் அவள் கையிலேயே நின்றுவிட்டது.

தரையின் அகலமான பலகையில் குழிகள் இருந்தன. இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு. உளியால் தோண்டி, பிறகு எதனாலோ தேய்த்து வழவழப்பாக்கிய குழிகள். இரு ஓரத்திலும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய குழிகள், சேர்த்த காய்களைப் போட்டுவைக்கும் 'வீடு'கள்.

தரையிலேயே ஒரு குழிப்பலகை.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. தென்ரி சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்து உதறி, அந்த இடத்தின்மேல் விரித்தாள். ஏன் மறைத்தோம் என்று அவளே அப்புறம்தான் யோசித்தாள். யோசிக்கவும் பெரிதாக ஒன்றுமில்லை. அந்தக் கடற்கரையில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். குழிப்பலகை என்பது சாவு வீட்டுக்கானது. அடக்கம் முடிந்த அன்று உத்தரத்திலிருந்து இறங்கும். துக்கம் கேட்க வந்த பெண்கள் ஏழாம் நாள்வரை மாலையில் உட்கார்ந்து ஆடுவார்கள். போனவர் அதற்குள் வெகுதூரம் போயிருக்க மாட்டார், காய் விழும் சத்தம் கேட்டால் வீட்டில் ஆள் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பார் என்பது கணக்கு. ஏழாம் நாள் முடிந்ததும் பலகை குப்புறக் கவிழ்ந்து உத்தரத்துக்கு ஏறிவிடும். சும்மா ஒரு நாளில் அதை இறக்கி ஆடினால், அந்த ஆட்டத்துக்கு ஒரு சாவு தேவைப்படும். இமாம் இதையெல்லாம் கண்டும் காணாதவர்.

அப்படியிருக்க, தினம் படுத்து எழும் இடத்தில், தரையிலேயே வெட்டி வைத்திருக்கிறார் ஒரு மனிதர். வெட்டிவிட்டு அதன்மேல் கட்டிலைப் போட்டு ஆணியும் அடித்திருக்கிறார்.

அதுவும் யார்? ஊரில் எந்தத் துக்க வீட்டிலும் பலகை இறங்குவதற்கு முன் எழுந்து போய்விடும் லத்தாங்.

*

சமையல்கட்டில் ஹாலிஜா மீன் செதில் சீவிக்கொண்டிருந்தாள். தென்ரியின் அம்மா பெஸ்ஸேயின் தங்கை. பெஸ்ஸே இறந்தபின் தென்ரியை வளர்த்தவள் அவள்தான். மூன்று வீடு தள்ளி இருக்கிறாள், காலையிலேயே வந்துவிட்டாள், வந்ததிலிருந்து அரிவாள்மணையை விட்டு எழுந்திருக்கவில்லை.

"முகம் பாக்க வரலையா சின்னம்மா? மூடிடப் போறாங்க," என்றாள் தென்ரி.

"பாத்த முகம்தானே."

ரோஸ்னா தேங்காய்ப்பாலில் கிளறிய சோற்றை இலையில் கட்டிக்கொண்டிருந்தாள். கேட்க வேண்டிய ஒன்றை எப்படிக் கேட்பது என்று வெகுநேரமாக அவள் தவிப்பது தென்ரிக்குத் தெரிந்தது. கடைசியில், இலையைப் பார்த்துக்கொண்டே, பலகையை எடுத்துவர ஆள் அனுப்பட்டுமா சின்னம்மா என்று கேட்டேவிட்டாள். பலகை எப்போதும் பெண் வழியில்தான் இருக்கும். பெஸ்ஸே வீட்டாரின் பலகை ஹாலிஜா வீட்டு உத்தரத்தில் இருந்தது.

செதில் சீவும் சத்தம் நின்றது.

"பலகை அங்கேயே இருக்கட்டும். என் அக்கா செத்தன்னிக்கு ஒரு காய் விழல. இவருக்கு மட்டும் விழணுமோ?"

ஊருக்கே தெரிந்த கதை. பெஸ்ஸே ஊரிலேயே கெட்டிக்கார ஆட்டக்காரி. அதனால் கழற்சிக்காய்ப் பை அவள் பொறுப்பில்தான் இருந்தது. அவள் இறந்த அன்று ஹாலிஜா பலகையைத் தோளில் சுமந்து வந்தாள். பையைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடினார்கள். யாரோ சோழி கொண்டுவருகிறேன் என்றார்கள். லத்தாங் வாசலில் நின்று, என் வீட்டில் ஆட்டம் வேண்டாம், பலகையை எடுத்துப் போங்கள் என்று சொல்லிவிட்டார். அழவும் இல்லையாம். ஹாலிஜா அதே பலகையைத் தோளில் சுமந்து அதே வழியே திரும்பினாள்.

அன்றைக்கு வந்த பெயர், பெண்டாட்டிக்குக் காய் போடாதவன். முகத்துக்கு முன்னால் 'டாயெங்' என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெயரைத்தான் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரைச் சொன்ன பெண்ணின் சடையைப் பிடித்துத் தென்ரி இழுத்திருக்கிறாள். இழுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, அது பொய்தானா என்று யோசித்துமிருக்கிறாள். அப்பா மறுமணம் செய்துகொள்ளவில்லை; ஆனால் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதுமில்லை. கேட்டால் வலையைப் பார்க்கப் போய்விடுவார்.

முதல் நாள் பொழுது சாயுமுன் முதல் காய் விழவேண்டும். விழவில்லை என்றால் அந்தச் சாவுக்கு ஆட்டமே கிடையாது. அந்தப் பெயரோடேயே அவரைக் குழிக்குள் விட்டுவிட்டு வரவேண்டியதுதான்.

"சின்னம்மா," என்றாள் தென்ரி, "எனக்காகக் கேக்கறேன்."

"உனக்காகத்தான் மீன் சீவிட்டிருக்கேன். இல்லேன்னா இந்தப் படியேறியிருப்பேனா?"

*

லுஹர் முடிந்து ஜனாஸாவைத் தூக்கினார்கள். ஆண்கள் தோள்மாற்றித் தோள்மாற்றித் தென்னந்தோப்புக்குள் மறைந்தார்கள். பெண்கள் உள்ளறையில் பாயில் உட்கார்ந்து ஓத ஆரம்பித்தார்கள். அந்தப் பாயின் கீழே இருப்பது தென்ரி ஒருத்திக்குத்தான் தெரியும். உட்காரப் பிடிக்காமல் அவள் எழுந்து ஜன்னலோரம் போனாள்.

ஜன்னலின் அடிச்சட்டத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது கழற்சிப் புதர்.

கழற்சிக்குத் தான் செடியா கொடியா என்பதே தெரியாது. பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்தால் ஏறும்; கிடைக்காவிட்டால் தன்மேலேயே தான் ஏறிச் சாய்ந்து குன்றாகும். இது வீட்டைத் தாங்கி நிற்கும் கால்மரங்களைப் பிடித்து ஜன்னல்வரை வந்துவிட்டது. பஹார் அதைப் பல வருஷமாக வெட்டக் காத்திருந்தான். பாசி காயவைக்க அந்த மேட்டைவிடத் தோதான இடம் கிடையாது. அப்பா விடவில்லை. ஆடு மாட்டிக்கொள்கிறது, கோழி முட்டையிட்டால் எடுக்க முடியவில்லை, பிள்ளைகளின் சட்டை கிழிகிறது என்று எத்தனை சொல்லியும், நான் போனதும் வெட்டிக்கோ என்பதோடு நிறுத்திக்கொண்டார். பஹார் காலையில்தான் சொன்னான், ஏழாம் நாள் கழித்து ஆள் வரச் சொல்லியிருக்கிறேன் என்று. சொல்லிவிட்டு அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கட்டில், ஜன்னல், புதர். மூன்றையும் ஒரு கோட்டில் வைத்துப் பார்த்தபோது தென்ரிக்குள் என்னவோ அரித்தது. துணியில் ஒரு தையல் தப்பியிருப்பது கண்ணுக்குத் தெரியுமுன்பே விரலுக்குத் தெரிந்துவிடும், அந்த மாதிரி.

ஏணிப்படியில் இறங்கி வீட்டின் பின்புறம் போனாள்.

ஊரின் கடல்முனையில் எத்தனையோ கழற்சிப் புதர்கள் உண்டு. அவை எல்லாம் ஒரே வரிசையில், கோடு கிழித்த மாதிரி நிற்கும். கடல் தன் குப்பையைக் கொண்டுவந்து போடும் இடம் அது. காய்ந்த பாசி, தேங்காய் மட்டை, செருப்பு, அவற்றோடு கழற்சி விதை. விதை ஓட்டுக்குள் கொஞ்சம் காற்று இருக்கிறது. எந்தத் தீவிலிருந்து வேண்டுமானாலும் மிதந்து வரும். அலை எதுவரை ஏறுகிறதோ அதுவரைதான் கழற்சி. அதற்கு மேலே ஒரு முழம்கூட முளைத்து அவள் பார்த்ததில்லை.

இந்தப் புதர் மட்டும் மேட்டில் இருந்தது. பெரிய புயலில்கூட இந்த மேட்டைக் கடல் தொட்டதாக யாரும் சொன்னதில்லை.

அப்படியானால் யாரோ போட்ட விதை. ஆனால் போட்டால் முளைக்காதே.

அதுவும் அவளுக்குத் தெரியும். எட்டு வயதில் கொட்டாங்கச்சியில் மண் நிரப்பி ஒரு கழற்சி விதையைப் புதைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினாள். மாதக்கணக்கில் ஊற்றினாள். அது கூழாங்கல்லாகவே கிடந்தது. ஒரு நாள் அப்பா அதைத் தோண்டி எடுத்து, கத்தி தீட்டும் கல்லில் ஒரு பக்கத்தைத் தேய்த்தார். சாம்பல் போய், பழுப்புப் போய், வெள்ளைப் புள்ளி தெரிகிறவரை தேய்த்தார். சூடேறியிருந்த விதையை அவள் கையில் வைத்து, "இப்பப் போடு. இதுக்குத் தலையில அடி விழணும், அப்பத்தான் தண்ணி உள்ள போகும்," என்றார். சில நாளில் பச்சை நாக்கு நீட்டியது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று துள்ளிக்கொண்டு கேட்டாள். தெரியும் என்று சொல்லிவிட்டு வலையைப் பார்க்கப் போய்விட்டார்.

எப்படித் தெரியும்?

தென்ரி முக்காட்டை இறுக்கிக்கொண்டு குனிந்தாள். தண்டில் நேர்முள், இலைக்காம்பின் அடியில் கொக்கிமுள். நேர்முள் உள்ளே விடாது, கொக்கிமுள் வெளியே விடாது. ஒவ்வொரு கிளையாகப் பிரித்து, மாட்டிய சட்டையைப் பின்னுக்கு நகர்ந்து விடுவித்து, மறுபடி முன்னேறினாள். காயும் சும்மா இல்லை. எலிக்குட்டி அளவில், உடம்பெல்லாம் முள். முற்றியவை கிளையிலேயே வாய் பிளந்திருந்தன. உள்ளே இரண்டு விதைகள், கன்னத்தில் மிட்டாயை ஒதுக்கிக்கொண்ட பிள்ளையைப்போல. கைக்கு எட்டியவற்றை முந்தானையில் சேர்த்துக்கொண்டே போனாள். பலகை வராவிட்டாலும் காய் இருக்கட்டும்.

புதரின் நடுவே, வேர்கள் கூடும் இடத்தில், ஒரு கல் இருந்தது.

அதை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. துணி துவைக்கும் கல். சின்ன வயதில் அது பின்புறம் திறந்தவெளியில் கிடந்தது. அம்மா அதில் துணி அடித்துத் துவைப்பாள். புதர் அதை விழுங்கிவிட்டிருந்தது. இல்லை, புதர் விழுங்கவில்லை. புதர் அந்தக் கல்லிலிருந்துதான் புறப்பட்டிருந்தது. தண்டுகள் எல்லாம் கல்லைச் சுற்றி, கல்லின் விளிம்பை ஒட்டி எழுந்திருந்தன.

மண்ணை விரலால் கிளறினாள். சருகு, ஆட்டுப் புழுக்கை, முட்டை ஓடு. அதற்குக் கீழே, கல்லோடு ஒட்டினாற்போல், ஒரு விதை. இந்தப் புதரில் உதிர்ந்த விதை போல் இல்லை. எண்ணெய்க் கை பட்டுப் பட்டுக் கறுத்து, மெழுகு பூசியதுபோல மின்னியது. ஆண்டுக்கணக்கில் பல கைகள் அள்ளிப் போட்டு ஆடிய காய். அதன் நெற்றியில் ஒரு பள்ளம். இரும்பு விழுந்த பள்ளம். பக்கத்திலேயே இன்னொன்று; அது பாதி ஓடுதான், உள்ளே காலி.

அப்போதுதான் அந்தச் சத்தம் அவளுக்கு நினைவுக்கு வந்தது. அம்மா இறந்த அன்று வீட்டின் பின்னாலிருந்து வந்த சுத்தியல் சத்தம். டங், டங் என்று நிற்காமல். அப்பா கபர்க்குழிக்குப் பலகை அடிக்கிறார் என்று யாரோ அவளுக்குச் சொன்னார்கள். ஆனால் கபர்ப் பலகையை மரத்தச்சர்தான் அறுத்துக் கொண்டுவந்தார். அவர் தென்ரியைத் தூக்கி அந்தப் பலகைகளின்மேல் உட்காரவைத்ததும் நினைவிருந்தது.

*

அடக்கம் முடிந்து ஆண்கள் வந்து, வீட்டுக்கு அடியில் கால்மரங்களுக்கு நடுவே சாப்பிட்டு, டாமினோக் கட்டைகளைப் பலகையில் பரப்பியிருந்தார்கள். ஹாலிஜா புறப்படத் தயாராக, கை கழுவிக்கொண்டிருந்தாள். தென்ரியின் கைகளைப் பார்த்து நின்றாள். முழங்கைவரை சிவப்புக் கோடுகள்.

"எங்கடி போய் உழுந்தே?"

"உள்ள வாங்க சின்னம்மா."

"நேரமாச்சு."

"வாங்களேன். ஒண்ணு காட்டணும்."

பெண்கள் சாப்பிடக் கீழே இறங்கியிருந்தார்கள். தென்ரி கதவைச் சாத்தினாள். பாயை மடக்கினாள்.

ஹாலிஜா நின்றபடியே பார்த்தாள். முகத்தில் முதலில் வந்தது கோபம்தான். யார் இதைச் செய்தது, எப்போது என்று கேட்க வாயெடுத்தவள் கேட்கவில்லை. மெதுவாக முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஜன்னல் ஓரத்துப் பெரிய குழிக்குள் கையை விட்டாள். உள்ளங்கை முழுவதும் இறங்கியது. மறுபக்கத்துப் பெரிய குழிக்கு நகர்ந்தாள். அதில் நாலு விரல்தான் இறங்கியது.

"இது சின்னதா இருக்கு," என்றாள்.

"ஆமா. நானும் பாத்தேன். அவசரத்துல வெட்டினதோ என்னமோ."

"அவசரமா?" ஹாலிஜா குழியின் விளிம்பைத் தடவினாள். "இவ்வளவு வழவழன்னு தேச்சிருக்காரு."

தென்ரி முந்தானை முடிச்சிலிருந்து அந்தக் கறுத்த விதையை எடுத்து நீட்டினாள். பாதி ஓட்டையும் வைத்தாள். துவைக்கிற கல்லைப் பற்றியும் சுத்தியல் சத்தத்தைப் பற்றியும் சொன்னாள். உடைக்கத்தான் பார்த்திருக்கிறார், அது உடையவில்லை, வெடிப்பு விட்டிருக்கிறது, அதனால்தான் முளைத்திருக்கிறது. வெடிப்பு விடாமல் தப்பித்ததெல்லாம் கல்லாகவே கிடக்கிறது என்று, தனக்கே விளக்கிக்கொள்வதுபோல அடுக்கினாள். சின்னம்மா கேட்கிறாளா என்றே தெரியவில்லை. விதையை விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க காய்தான் இது," என்றாள் கடைசியில். "எங்கம்மா காலத்துக் காய்."

கீழே டாமினோக் கட்டை ஒன்று பளீரென்று விழுந்தது. யாரோ யாரையோ ஏமாற்றுக்காரன் என்றார்கள். சிரிப்பு எழுந்து அடங்கியது.

"அவ ஜன்னல் பக்கம்தான் படுத்திருந்தா," என்றாள் ஹாலிஜா. "காலு வீங்கிப் போச்சு, எழுந்திருக்க முடியாது. பஹார் கைக்கொழந்தை. உன்னை எங்க வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மழை விடாமக் கொட்டுது. நான் தெனம் கஞ்சி எடுத்துட்டு வருவேன். ஒருநாள் கையைப் புடிச்சுக்கிட்டா. ஹாலிஜா, பலகையை எறக்கிட்டு வாயேன், ஒரே ஒரு ஆட்டம், யாருக்கும் தெரியவேண்டாம்னா."

விதையை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"நான் திட்டிட்டேன். யாரைக் கொல்லப் பாக்கறேன்னு கேட்டேன். அப்பறம் அவ என்கிட்ட கேக்கவே இல்ல. புத்தி வந்துடுச்சுன்னு நெனச்சேன்."

தென்ரி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் வர்றப்பல்லாம் அந்த எடத்துல பாய் விரிச்சிருக்கும். இவரு பக்கத்துல உக்காந்து வலை முடிஞ்சுட்டிருப்பாரு. என்னைப் பாத்ததும் ரெண்டு பேரும் பேசாம இருப்பாங்க. சண்டை போட்டிருக்காங்கன்னு நெனச்சுக்குவேன். பாய்க்கு அடியில ஆட்டம் இருந்திருக்கு, அவ போனதும் அதுதான் கொன்னுடுச்சுன்னு காயைப் போட்டு உடைச்சிருக்காரு."

ஜன்னல் வெளிச்சம் பலகையின்மேல் நீண்டு சாய்ந்திருந்தது. ஏணிப்படியில் காலடிச் சத்தம். பஹார் கதவுக்கு வெளியே நின்று, பொழுது சாயப்போகிறது, பெரியவர்கள் எல்லாம் கேட்கிறார்கள், ஆட்டம் உண்டா இல்லையா, என்ன சொல்ல என்றான். தென்ரி சின்னம்மாவைப் பார்த்தாள். அந்த வீட்டில் அதற்குப் பதில் சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

ஹாலிஜா எழுந்திருக்கவில்லை.

"வீட்டுக்குப் போய்ப் பலகையை எடுத்துட்டு வர நேரமில்ல," என்றாள். மூன்று வீடு தள்ளியிருக்கும் தன் வீட்டைப் பற்றி. பிறகு குரலை உயர்த்தி, "கதவைத் தெற. எல்லாரையும் மேல வரச்சொல்லு," என்றாள்.

"எல்லாரையுமா சின்னம்மா? இதைப் பாத்தா..." என்றாள் தென்ரி.

"பாக்கட்டும். பாக்கத்தான் கூப்புடறேன்."

பெண்கள் வந்தார்கள். வாசலிலேயே தேங்கினார்கள். ரோஸ்னா தரையைப் பார்த்து, ஹாலிஜாவைப் பார்த்து, மறுபடி தரையைப் பார்த்தாள். இது எப்ப என்று ஆரம்பித்தாள்.

"என் அக்கா ஆடின பலகை," என்றாள் ஹாலிஜா. "அவ புருஷன் அவளுக்காக வெட்டினது. நின்னுட்டே இருக்காம உக்காந்து காயை எண்ணுங்க."

கணக்குப் போடத் தெரிந்தவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டார்கள். பிறகு வயதான ஒருத்தி முதலில் வந்து உட்கார்ந்தாள். மற்றவர்கள் தொடர்ந்தார்கள். அந்தப் பழைய பெயரை அன்று யாரும் சொல்லவில்லை, முணுமுணுப்பாகக்கூட.

"நீ ஜன்னல் பக்கம் உக்காரு," என்று தென்ரியிடம் சொல்லிவிட்டு, ஹாலிஜா சின்ன வீடு இருந்த பக்கம் நகர்ந்துகொண்டாள்.

முந்தானையிலிருந்த விதைகள் குழிகளில் நிறைந்தன. எண்ணிக்கைக்கு ஒன்று குறைந்தது. ஹாலிஜா கையிலிருந்த, நெற்றியில் பள்ளம் விழுந்த கறுப்பு விதையைக் குறைந்த குழியில் போட்டாள். பொழுது தென்னை உயரத்துக்கு வந்திருந்தபோது முதல் காய் விழுந்தது.

தென்ரிக்கு ஆட்டம் அவ்வளவாகத் தெரியாது. நகரத்தில் யார் ஆடுகிறார்கள்? அள்ளிக் கொட்டிக்கொண்டே போனாள். ஆனாலும் அவள் வீடு நிறைந்துகொண்டே வந்தது, நிறைய நிறைய இடமும் இருந்தது. ஹாலிஜா ஊரில் பெயர் போன ஆட்டக்காரி. அவள் பக்கத்துச் சின்ன வீடு சீக்கிரமே தளும்பிவிட்டது. சேர்த்ததைப் போட இடமில்லாமல் மடியில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"மடியில வெச்ச காய் கணக்குல சேராது சின்னம்மா," என்றாள் ரோஸ்னா.

"தெரியும். நீ எனக்குச் சொல்லித் தராத." ஹாலிஜா மடியிலிருந்த விதைகளைப் பார்த்தாள். அவற்றை மறுபடி அந்தச் சின்னக் குழிக்குள் அடுக்கிப் பார்த்தாள். அடங்கவில்லை. "எப்படி ஆடினாலும் இந்தப் பக்கம் ஜெயிக்க முடியாது," என்றாள் மெதுவாக. "அப்படித்தான் வெட்டியிருக்காரு மனுஷன்."

யாரோ சிரித்தார்கள். ஹாலிஜா சிரிக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அடுத்த குழியை அள்ளினாள்.

பஹார் நிலைவாசலில் குந்தியிருந்தான். காலையில் பிடுங்கிய ஆணிகளைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். காய் பத்தலையென்றால் சொல்லுங்கள், பறித்துவருகிறேன், எனக்கு அந்த முள் பழகினதுதான் என்றான்.

ஹாலிஜா போட்ட காய் ஒன்று தளும்பியிருந்த குவியலின் உச்சியில் பட்டு வழுக்கியது. பலகையின் சரிவில் மெல்ல உருண்டது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு தரைப்பலகைகளுக்கு நடுவே இருந்த இடுக்கில் ஒரு கணம் தயங்கி நின்றது, பிறகு விழுந்தது. நெற்றியில் பள்ளம் விழுந்த அந்தக் காய்தான்.

கீழே டாமினோ ஆட்டம் நின்றது. யாரோ அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும்.

பஹார் எழுந்தான்.

"விடு," என்றாள் ஹாலிஜா. "அங்கயே கெடக்கட்டும்."

அவன் மறுபடி உட்கார்ந்தான். கீழே கட்டைகள் மீண்டும் விழ ஆரம்பித்தன. ஜன்னலுக்கு வெளியே கழற்சிக் கிளை காற்றில் ஆடி, சட்டத்தை ஒரு முறை கீறிவிட்டு விலகியது. தென்ரி தன் பக்கத்துக் குழியிலிருந்து காய்களை அள்ளி, ஒவ்வொன்றாக, சத்தம் கேட்கும்படி போட்டாள்.